முதல் பத்து நிமிடம்

மெரிலேண்ட்ஸ்
12.3.2025

அன்புள்ள யோகா அன்ரிக்கு,

சயந்தினி எழுதுகிறேன். குடிப்பவர்களின் பிள்ளைகளுக்கு நீங்கள் நடத்தும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் கதவோரக் கதிரையில் இருப்பவள். நேரில் எனக்கு வாய் வராது.

போன கிழமைதான் முதன்முதலாகப் பேசினேன். அப்பா குடித்துவிட்டு தங்கை அக்ஷராவைப் பள்ளியிலிருந்து காரில் ஏற்றி வருகிறார் என்றேன். நேற்று இரண்டு சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்கள் போனபின் அப்பா குசினியில் நின்று, "ஆரடி பிள்ளை இவங்களிட்டப் போய் அள்ளி வைச்சது? பக்கத்து வீட்டானோ?" என்றார். நான் கோப்பை கழுவிக்கொண்டு, "தெரியாது அப்பா" என்றேன்.

அம்மா இல்லாத வீடு. பத்தாம் வகுப்போடு நின்று பேக்கரி வேலைக்குப் போகிறேன். தங்கையையும் கொண்டுபோய்விடுவார்களா? கூட்டத்தில் பேசுவது வெளியே போகாது என்றார்களே. நீங்களா சொன்னீர்கள்?

சயந்தினி

14.3.2025

அன்புள்ள பிள்ளை சயந்தினிக்கு,

ஓம், நான்தான் அறிவித்தேன். கூட்டம் தொடங்கும்போது ஒரு தாள் வாசிப்பேன். இங்கே பேசுவது இங்கேயே நிற்கும். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் அறிவிக்க வேண்டும், அது சட்டம். தெரிந்த சனம் கண்டுவிடும் என்று நீர் எப்போதும் பத்து நிமிடம் பிந்தி வருவீர். அதனால் அந்தத் தாள் வாசிப்பதை நீர் கேட்டதே இல்லை.

அறிவிக்குமுன் உம்மிடம் சொல்லாதது என் பிழை. தடுத்துவிடுவீரோ என்று பயந்தேன்.

தங்கையைப் பிரிக்கும் பேச்சு இப்போது இல்லை. அப்பா அவளைக் காரில் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். யார் சொன்னது என்று அவரிடம் சொல்லமாட்டார்கள். இனி நீர் வராவிட்டாலும் எனக்கு விளங்கும்.

அன்புடன்
யோகா

19.3.2025

அன்புள்ள அன்ரி,

வேலை முடிந்து அக்ஷராவை இப்போது நான்தான் நடத்திக் கூட்டிவருகிறேன். கால் கடுக்கிறது. "அக்கா, அப்பான்ர கார் ஏன் வரேல்லை?" என்று தினமும் கேட்கிறாள். பழுது என்கிறேன். அப்பா பக்கத்து வீட்டாரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

உங்களில் பிழை இல்லை. முதல் கூட்டத்துக்கு நான் நேரத்தோடு வந்தேன். உள்ளே வரப் பயந்து கதவுக்கு வெளியே நின்றேன். நீங்கள் தாள் வாசித்தது முழுக்கக் கேட்டது. ஆறு கிழமை யோசித்த பிறகுதான் வாய் திறந்தேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது ஒருவர் நம்பினால் போதும் போலிருந்தது. அதுதான் முதல் கடிதத்தில் ஒன்றும் அறியாதவள்போல் எழுதினேன்.

நாளைக்கு வருவேன். இதில் எந்தப் பிள்ளைக்கும் ஆபத்து இல்லை, அன்ரி. இதையாவது யாருக்கும் சொல்லாதீர்கள்.

சயந்தினி