மாமா, போனைத் திருப்புங்க

அன்பு மருமகன் யூஜினுக்கு,

ஏழு கடலும் பதினான்கு கலெக்டர்களும் பேரைக் கேட்டாலே நடுங்கும் உன் தாய்மாமன் மரியஜான், ஐம்பது நாளாக ஊரடங்கில் வீட்டுக்குள் சிறைப்பட்டு எழுதுவது. தபால் ஓடவில்லை. என் மகள் ஜெனிலா இதைப் படம் எடுத்து உன் குவைத் நம்பருக்கு அனுப்புவாள். போனிலேயே பேசலாமே என்பாய். பேச எடுத்தால் வாய் வேறு கதை அளக்கிறது மக்கா.

ஊர்ச் செய்தி. மணவாளக்குறிச்சி சந்திப்பில் போலீஸ் கயிறு கட்டியிருக்கிறது. ஈயானாலும் பாஸ் காட்டித்தான் பறக்கணும். என் தாடி நெஞ்சைத் தாண்டிவிட்டது. வலை பின்ன ஆகுமா என்று வலைக்கார ராஜையன் ஆறடி தள்ளி நின்று விலை கேட்டான். உன் மாமியும் நானும் போடுகிற சண்டையில் திருவனந்தபுரத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்ததாகக் கேள்வி.

இது போதும். சொல்ல வந்தது வேறு.

உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று இருபது பேருக்குத்தான் அனுமதி. ஜெனிலாவுக்கு இடமில்லை. 'யூஜின் மச்சான் பாக்கணும்பா, நேராப் பிடிங்க' என்று என் போனில் உன்னைக் கூப்பிட்டு, சத்தத்தை அணைத்து, கேமராவை வெளிப்பக்கம் திருப்பித் தந்தாள். நானும் கோயில் கொடிமரம் மாதிரிதான் பிடித்தேன். வீட்டை விட்டு இறங்கியது முதல் குழி மூடும் வரை கை ஆடவில்லை. மாஸ்க்கில் மூச்சடித்து மூக்குக்கண்ணாடி பனிமூடிவிட்டது. திரையில் என்ன தெரிகிறது என்று நான் பார்க்கவில்லை. என் விரல் எப்போது எங்கே பட்டதோ.

மாலையில் நீ கூப்பிட்டு, 'எல்லாம் நல்லாப் பாத்தேன் மாமா, அம்மா தூங்குன மாதிரி இருந்தாங்க' என்றாய். குவைத்துக்கே அடக்கம் காட்டிய வீரன் நான்தான் என்று ஒன்பது நாள் ஊரெல்லாம் பீற்றினேன்.

எனக்குப் போன் வந்தால் எடுக்கத் தெரியும், வாட்ஸப் வாசிக்கத் தெரியாது. நேற்றுத்தான் ஜெனிலா திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு நீ அனுப்பியவை. 'மாமா, போனைத் திருப்புங்க.' 'மாமா, உங்க முகம்தான் தெரியுது.' 'ஒரே ஒரு தடவை திருப்புங்க மாமா.' இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவது: 'சரி, அழாதீங்க மாமா.'

ஏலே, ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாமே.

இனி எழுதுவதில் ஒரு துளியும் நான் கூட்டவில்லை, கேட்டியா. அக்காவுக்குப் பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. தூங்கின மாதிரி இல்லை. வாய் லேசாகத் திறந்து, பேச்சு பாதியில் நின்ற மாதிரி இருந்தது. அன்று காலையில்தான் கட்டுமரங்களைக் கடலில் இறங்க விட்டார்கள். நாற்பது நாளுக்குப் பிறகு கண்ட சாளை மீன். கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டாள். குளிப்பாட்டிய பிறகும் வலது முழங்கைக்குக் கீழே ஒரு செதில் ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன். எடுக்க மனசு வரவில்லை.

குழியில் குந்திரிக்கச் சாம்பிராணியும் மண்ணும் போடும்போது முதல் பிடி மகனுடையது. உனக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டார்கள். வலது கையில் போன். கீழே வைத்தால் நீ பார்க்க முடியாதே என்று, உன் பிடியை இடது கையால் போட்டேன் மக்கா. நீ பார்க்கவும் இல்லை. அதுதான் என்னை அறுக்கிறது.

கல்லறைக்கு இப்போது சிமெண்ட் பூசக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மண்ணாகவே கிடக்கட்டும். விமானம் விட்டதும் வா. நாம் ரெண்டு பேரும் போவோம். உன் பிடியை உன் வலது கையால் போடு.

அதுவரை வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
அன்றைக்கு முழுக்க நீ பார்த்துக்கொண்டிருந்த
உன் மாமன் மரியஜான்