ஒரு சாண் கயிறு

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நூறு கிலோமீட்டர் பந்தயத்தில் எண்பதை முடித்துவிட்டு வந்த என் குதிரையைப் பந்தய டாக்டரான நீ நிறுத்திவிட்டாய். பத்தே நிமிடத்தில் அவள் நாடித்துடிப்பு ஐம்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. விதிப்படி அறுபத்து நாலு வரை இருக்கலாம். வயிற்றுச் சத்தம் சரி, உடம்பில் நீரும் குறையவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ‘முன் இடது கால் நொண்டல்’ என்று போட்டாய். மூன்று வருட உழைப்பு. வேறு டாக்டர் என்றால் இவ்வளவு வலித்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரமாட்டேன். அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். உன் பங்கையும் உன் அத்தானே சாப்பிட்டார், வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நாடித்துடிப்பில் குறையே இல்லை. நீ அவளை நன்றாகத்தான் தயார் செய்திருந்தாய். ஆனால் நொண்டுகிறாளா என்று பார்க்க, கயிற்றில் பிடித்து ஓட்டிக் காட்டச் சொன்னபோது, தாடையிலிருந்து ஒரு சாண் மட்டும் விட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தாய். முன்னங்கால் வலிக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். அவ்வளவு குட்டையாகப் பிடித்தால் தூக்க முடியாது. “கயித்த விடுடா” என்றேன். விட்டாய். நாலாவது எட்டில் தலை எழும்பியது. எல்லாரும் பார்த்தார்கள், நீயும்தான்.

காலுக்கு இரண்டு வேளையும் குளிர்ந்த தண்ணீர் விடு. ஸ்கேன் எடுக்காமல் அவள் மேல் ஏறாதே.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்கேன் எடுத்தாயிற்று. தசைநாரில் சின்னக் கிழிசல். மீதி இருபதும் ஓடியிருந்தால் முழுதாக அறுந்திருக்குமாம். எட்டு மாதம் ஓய்வு. லாயத்தில் அவள் எனக்கு முதுகைத்தான் காட்டுகிறாள். தீவன நேரத்தில் மட்டும் உறவு.

ஒன்று சொல்லவேண்டும். அறுபதாவது கிலோமீட்டரிலேயே எனக்குத் தெரியும். அங்கே நடந்த சோதனையிலும் கயிற்றைக் குட்டையாகத்தான் பிடித்தேன். அங்கேயும் சோதித்தது நீதான். நீ கவனிக்கவில்லை, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

கவனித்தேன். நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சோதனை அட்டையில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு யாராக இருந்தாலும் கயிற்றை விடச் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு இருபது கிலோமீட்டரும் அவள் வலியோடு ஓடியது என் கையெழுத்தால்தான்.

பந்தயக் குழுவுக்கு இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் முடிவு எதுவானாலும் சரி. நீ பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா

டிசம்பர் 11

அக்கா,

அவள் கால் ஆறுகிறவரை உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இப்போது ஆறிவிட்டது. அடுத்த மாதப் பந்தயத்தில் நாற்பது கிலோமீட்டர் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

குழு உன்னை ஒரு வருடம் விலக்கி வைத்திருப்பதாக அத்தான் சொன்னார். அப்படியானால் அன்றைக்கு உனக்கு வேலை இருக்காது. அவள் ஓடி வந்ததும் மேலே தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் வேண்டும். அத்தான் ஒரு பக்கம். அவருக்கு அதற்குள்ளேயே இடுப்பு பிடித்துக்கொண்டதாம். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வா.

கயிற்றைத் தளர்த்தித்தான் பிடிப்பேன். நம்பிக்கை இல்லையென்றால் வாளியோடு பக்கத்திலேயே நின்று பார்.

உன் தம்பி