முன்வேரும் பின்வேரும்

அந்தப் பல்லை நீ ஏன் வெட்டிப் பார்க்கவே இல்லை? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ இறந்து நாற்பது நாள் ஆகிறது.

உன் கணவர் கொண்டுவந்து கொடுத்த பெட்டியில் அது இருந்தது. சிறு கண்ணாடிக் குப்பி, உள்ளே ஃபார்மலினில் ஒரு கீழ்க் கடைவாய்ப்பல், மேலே உன் கையெழுத்தில் நம் பழைய நோயாளி செல்வியின் பெயர். மூடியைத் திறந்ததும் நெடி ஏறிக் கண் எரிந்தது. நாம் சேர்ந்து படித்த கல்லூரிக்கு அனுப்பி, வேர்களைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் படம் எடுக்கச் சொன்னேன். உன் தவற்றைப் பார்க்கத்தான் அனுப்பினேன். அந்த எண்ணத்தை இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

செல்விக்கு நம் கிளினிக்கில் நாம் வேர் சிகிச்சை செய்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைப்பதற்குள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நீ பாதியில் கிளம்பினாய். முன்வேரை நீ பசை வைத்து அடைத்து முடித்திருந்தாய். பின்வேரை நான் முடித்தேன்.

நீ செல்வியோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. கை எங்கே இருக்கிறதென்று தெரிகிறதா என்று கேட்டேன்.

"கை இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. உன் சந்தேகத்தை எங்க வெக்கிறதுனுதான் தெரியலடி."

போகும்போது கதவருகே நின்று இன்னொன்றும் சொன்னாய். "கடைசியா ஹைப்போ ஊத்திட்டுப் பசை வெக்காத. ஒட்டாது."

கிருமியைக் கொல்லும் அந்தக் கரைசலால் கடைசியாக ஒருமுறை கழுவினால்தான் எனக்கு நிம்மதி. நீ அதை முன்பே முடித்துவிட்டு, வெறும் காய்ச்சி வடித்த நீரால் கழுவுவாய். எனக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. நான் ஹைப்போ ஊற்றினேன்.

இரண்டு வருடத்தில் ஈறு வீங்கிப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. எக்ஸ்ரேயில் நிழல் இரண்டு வேர்களையும் சுற்றிப் படர்ந்திருந்தது. செல்வியின் எதிரிலேயே சொன்னேன்: "முன்வேர்ல அவசரப்பட்டு பண்ண வேலை." நீ மறுக்கவில்லை. பல்லைக் கழுவி எடுத்துக்கொண்டாய். அடுத்த மாதம் செங்கம் ரோட்டில் தனியாகக் கிளினிக் வைத்தாய்.

நேற்று காலை படங்கள் வந்தன. உன் முன்வேரில், பல்லின் சுவரிலிருக்கும் நுண்குழாய்களுக்குள் பசை விரல்விரலாக இறங்கியிருக்கிறது. எது பசை, எது பல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் பின்வேரில் குழாய்கள் வாய் திறந்து காலியாகக் கிடக்கின்றன. பசை சுவரைவிட்டு விலகித் தனித் தகடாக நிற்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

படம் எடுக்கப் பல்லை உலர்த்தியதால் வந்த இடைவெளியாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். உலர்ந்தது இரண்டு வேரும்தானே. ஒரே பல், ஒரே குப்பி, ஒரே உயரத்தில் வெட்டியது. காத்திருந்தவர்களை அனுப்பிவிட்டேன். எல்லோரையும் சந்தேகித்தேன். அந்தப் பின்வேரை மட்டும் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

செல்வியிடம் சொல்வதா, விடுவதா என்று பகலெல்லாம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் என்னிடம் யார் வாய் திறப்பார்கள்? சொல்லாவிட்டால் நீ செய்யாத தவறு உன் பெயரிலேயே நின்றுவிடும்.

இன்று காலை முடிவெடுத்தேன். கூப்பிட்டேன். வேங்கிக்காலில் இருக்கும் தன் அலுவலகத்திலிருந்து மதிய இடைவேளையில் செல்வி வந்தார். படங்களைக் காட்டி, எந்த வேர் யார் கை வேலை என்று சொன்னேன். இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அவங்ககிட்ட போவாதீங்கனு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன் மேடம். போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கினேன். அவங்கதான் சிரிச்சாங்க."

படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். ஆபீஸ் குரூப்பில் போட வேண்டுமாம்.

"உங்க பேரையும் போடட்டுங்களா?"

"போடுங்க" என்றேன்.

வெளி நாற்காலியில் உட்கார்ந்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். இரண்டு மணிக்கு முன் அனுப்பிவிட்டு எழுந்தார். சொல்லிக்கொள்ளாமல் போனார்.