நாற்பதாவது வீடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அந்த எண்ணத்தோடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் கை வரவில்லை. வீட்டில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் சுகம். எவர் சுகம் என்பதில்தான் உன் ஆராய்ச்சிக்கும் எங்களுக்கும் கொஞ்சம் வித்தியாசம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது விளக்கம் சொல்லிவிடுவாய், கூடத்துக் கட்டிலில் படுத்திருக்கிற உன் அப்பா காதிலும் விழும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காமல், உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வருஷம் நீ அனுப்பிய அட்டைப்பெட்டி உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கிற கிருமிகளைப் பற்றி உன் ஆராய்ச்சி, ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடுகிற இரண்டு பேர், ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு, இன்னொருவருக்கு இல்லை, அப்படி நாற்பது வீடு வேண்டும், முப்பத்தொன்பது கிடைத்துவிட்டது, ஒன்று மட்டும் குறைகிறது என்றாய். என் வயிறு இருபத்திரண்டு வருஷமாக ஊரறிந்த வயிறு. பேருந்தில் கதவோரம்தான் உட்காருவேன், புதுத் தெருவுக்குப் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் கண் தேடும், துணி தைக்கக் கொடுக்க வந்தவளைப் பாதி அளவில் நிற்க வைத்துவிட்டு உள்ளே ஓடியிருக்கிறேன். உன்னைப் பார்த்துத்தானம்மா இந்தப் படிப்பையே எடுத்தேன் என்று நீ சொன்னதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல். பிள்ளைகள் பெற்றவர்களிடம் எதையெதையோ கேட்பார்கள், நீ மோஷன் கேட்டாய். உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாதான், அவ படிப்புக்குக் கேக்குறா, கிட்னியா கேட்டா, கொடுத்துட்டுப் போறோம் என்றார்.

அந்த மனிதர் அதை எப்படிச் செய்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். குறிப்புத்தாளை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பெட்டிக்குள் இருந்த இரண்டு டப்பியையும் மேசை மேல் அடுத்தடுத்து வைக்கக் கூடாது என்று ஒன்றைச் சமையலறை ஜன்னலிலும் ஒன்றைக் குளியலறை அலமாரியிலும் வைத்தார். லேபிளை டப்பியில் ஒட்டுவதற்கு முன்னால் எழுதினால்தான் எழுத்து நேராக வரும் என்று, தபால் நிலைய வேலையில் எழுதிய அதே கொட்டை எழுத்தில், பெயர், தேதி, மணி எழுதி, என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, சரியான்னு சொல்லு, அப்புறம் மாத்திப் பேசாத என்றார். இரண்டு டப்பியின் அடியிலும் இருந்த நம்பரை அவரவர் பெயரோடு நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார். பிஸ்கட் டின்னில் போட்டுக் குளிர்பெட்டியில் மேல்தட்டில் வைத்தோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் உன் தம்பி எங்கள் வீட்டில் ஐஸ் தண்ணீர் குடிக்கவில்லை.

ஒரு மாதத்தில் உன் போன் வந்தது. அம்மா, உன் மோஷன்ல ரத்தம் கலந்திருக்கு, கிருமிக் கணக்கும் சரியில்ல, உடனே போய்க் குழாய் விட்டுப் பாருங்க என்று படபடத்தாய். அப்பாவோடது பாடப்புத்தகத்துல போடலாம், அவ்வளவு சுத்தமான வயிறு என்று அதே மூச்சில் சொன்னாய். நான் போனேன். முதல் நாள் அந்தப் பேதி மருந்தை நாலு பாட்டில் குடித்து, குடல் வாய்க்கு வந்து, மறுநாள் பின்னால் முடிச்சு போடுகிற அங்கியோடு அரை மணி நேரம் மானம் போய்ப் படுத்திருந்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். உனக்குச் சொன்னதும், அப்போ நல்லதும்மா, மூலமா இருந்திருக்கும் என்று முடித்துவிட்டாய். அன்றைக்கு என் செருப்பையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்த உன் அப்பா மூன்று தடவை கழிப்பறைக்குப் போய் வந்தார். கேட்டால், ஆஸ்பத்திரி டீ ஒத்துக்கல என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் தைக்கிறவள். ஓர் உடம்பு கால் அங்குலம் இளைத்தால் நாடாவை வைக்காமலே சொல்லிவிடுவேன். உன் அப்பாவின் கால்சட்டை இடுப்பை இந்தக் கையால்தான் இரண்டு தடவை பிடித்துக் கொடுத்தேன், முதலில் ஒரு அங்குலம், அப்புறம் ஒன்றரை. வயசாக வயசாக நடிகர் மாதிரி ஆகிறீங்களே என்று கேலி வேறு செய்தேன். அவருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். இப்போதுதான் சொல்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, என் வயிறு சுத்தம்னு பொண்ணு சொல்லிட்டா, படிச்சவ சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது, உடம்புச் சூடா இருக்கும்னு நெனச்சேன் என்கிறார். மகளே, அவர் தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு நீ சொன்னதை நம்பினார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் லிஃப்ட் ஓடவில்லை என்று மாடிப்படி ஏறி வந்தவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்த்து ஓட வைக்கிற உன் தம்பி, அப்பனைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினான். பெருங்குடலில் கட்டி என்று உனக்குப் போனில் சொன்னோம், நீயும் அழுதாய், இந்த வயசுல வர்றதுதான் என்று ஆறுதலும் சொன்னாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்திருக்கிற டாக்டர் உன் வயதுப் பெண், உன்னைப் போலவே வேகமாகப் பேசுகிறாள். பழைய பரிசோதனைத் தாள் ஏதாவது இருக்கா என்று கேட்டாள். உன் தம்பி உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நேராக உன் ஆராய்ச்சிக்கூட அலுவலகத்துக்கு எழுதினான், அவர்கள் நாற்பதாவது வீட்டின் தாள் முழுவதையும் அனுப்பிவிட்டார்கள். டாக்டர் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, இந்தப் பேரை மாத்தினது யாரு என்று கேட்டாள். அதில் எழுதியிருந்ததை அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். வந்தபோது ரத்தம் இருந்த டப்பியின் மேல் அப்பாவின் பெயர் இருந்தது, சுத்தமாக இருந்த டப்பியின் மேல் என் பெயர் இருந்தது. வீட்டில் இருக்கிற முதியவர்கள் லேபிளை மாற்றி ஒட்டியிருக்க வேண்டும் என்று கருதி இரண்டு பெயரும் இடம் மாற்றப்பட்டன. கீழே உன் சுருக்கக் கையெழுத்து.

முதியவர்கள். நீ எங்களைக் கேட்கவில்லை. ஒரு போன், ஒரு கேள்வி, அப்பா நீங்க லேபிள் சரியா ஒட்டினீங்களா என்று கேட்டிருந்தால் அலமாரிக் கதவைத் திறந்து நம்பரைப் படித்துச் சொல்லியிருப்பார். முப்பத்தோரு வருஷம் கடிதம் பிரிக்கிற அறையில் நின்று வேலை பார்த்த கால் அது, நரம்பு புடைத்துக் கிடக்கிறதே, பார்த்ததில்லையா நீ? பாதி விலாசம் அழிந்து வந்த கடிதத்தைக்கூட ஊர் சேர்த்தவருக்கு, ஒரு வீட்டுக்குள் இரண்டு டப்பியைப் பிரிக்கத் தெரியாதா? உனக்கு நோயாளி என்றால் அம்மா, அது சின்ன வயதிலிருந்து உன் மனதில் எழுதி ஒட்டியிருக்கிறது. தாளில் வேறு மாதிரி வந்ததும் தாளைத் திருத்திவிட்டாய். எனக்குக் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்த நாளிலாவது உனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மறந்துபோனாயா, தெரிந்தே வாயை மூடிக்கொண்டாயா, எது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பத்து மாதம் முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் இழுத்தேன். அந்த டாக்டர் பெண் பொய் சொல்லவில்லை. எல்லாம் சரியாயிருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா இப்போ இருக்கிறதைவிட நல்லா இருந்திருக்காதுன்னும் என்னால சொல்ல முடியாதும்மா என்றாள். கட்டி கல்லீரல் வரைக்கும் போயிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும்.

அப்பாவிடம் உன் தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், அவனுக்கு வாய் நிற்காது. அவர் கத்தவில்லை. மெல்ல எழுந்து போய் அலமாரிக் கதவிலிருந்து நாள்காட்டித் தாளைப் பிய்த்து வந்து, அதையும் ஆராய்ச்சிக்கூடத் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விரலை ஒவ்வொரு எண்ணாக நகர்த்திப் பார்த்தார். நம்பர் சரியாத்தான் இருக்கு என்றார். தாளை மடித்துக்கொண்டே, அவகிட்ட இதைக் கேக்காதீங்க, வேலைக்கு ஏதாவது வந்துடும் என்றார். உன் ஆராய்ச்சி அச்சில் வந்த பத்திரிகையை வருகிறவர் கண்ணில் படட்டும் என்று கண்ணாடி அலமாரியில் நிற்க வைத்திருந்தாரே, அதை எடுத்து என் தையல் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். நாற்பத்தோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

மாசக் கடைசியில் கருத்தரங்கு, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாய். அங்கே அந்த நாற்பது வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். வா, வராதே என்று நான் சொல்லப்போவதில்லை, அது உன் மனசு. ஆனால் அந்த மேடையில் நிற்கும்போது நாற்பதாவது வீட்டின் பெயர்களை அவர் எழுதியபடியே திருப்பி வைத்துவிட்டுப் பேசு. மாற்றியது நான்தான் என்றும் சொல். உன் கணக்கு கோணிப்போனால் போகட்டும், பட்டம் ஆட்டம் கண்டால் காணட்டும். இன்னொன்றும் எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீடு உன் எண்ணத்துக்கு மாறாக இருந்ததால் திருத்தினாய், மற்ற முப்பத்தொன்பதில் எத்தனை வீட்டை இப்படித் திருத்தினாய்? அங்கேயும் யாரோ ஒருத்தி கால்சட்டை இடுப்பைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவர்களுக்கெல்லாம் போன் செய்து கேள். எங்களுக்குச் செய்யாததை அவர்களுக்காவது செய்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, உனக்குப் பழக்கம் சரியில்லை. தகப்பனுக்கு இப்படி வந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னாள், தம்பி அடுத்த மாதம் போகிறான், நீயும் போ. டப்பியில் உன் பெயரை எழுதி வேறு யாரிடமாவது கொடு, நீயே படிக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன், இல்லை என்று மறைக்க மாட்டேன், ஆனாலும் உன் வயிற்றில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்றுதான் தினமும் விளக்கை அணைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

எழுதி முடித்து மடித்ததும் அப்பா உறையைக் கேட்டார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. உனக்குப் போகிற கடிதத்துக்கு விலாசம் எப்போதும் அவர் எழுதுவதுதானே, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, உன் பெயர், கட்டிட எண், தெரு, ஊர் எண் எல்லாம் எழுதி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து, கண்டிப்பா போய்ச் சேரும் என்று கொடுத்தார். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதிலிருக்கிற எழுத்தைப் பார். அந்த லேபிளிலும் இதே எழுத்துதான்.

இப்படிக்கு,
அவர் என் பெயர் எழுதிய டப்பிக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா