நீ தூங்கி வந்த இருக்கை

நேற்று மத்தியானம் ஆபீஸ் பார்க்கிங்கில் உன் காரின் கதவைத் திறந்தேன். காலையிலிருந்து ரிச்சர்ட்சன் ஊர் வெயிலில் நின்ற கார். திறந்ததும் இரண்டு வாசனைகள் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஒன்று, பழைய இரும்பும் பெட்ரோலும் கலந்தது. இன்னொன்று, புதுக் காரின் தோல் இருக்கை சூடேறும்போது வருவது. இந்த இரண்டும் ஒரே காருக்குள் இருக்க வேண்டியவை அல்ல. இருக்க வைத்தவள் நீ. உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

க்ரீன் கார்டு வந்தால் நம் ஆட்கள் வீடு பார்ப்பார்கள். நீ ஒரு பழைய மசில் கார் வாங்கினாய். கடல் நீலம், நீண்ட மூக்கு, இரண்டே கதவு, ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். அப்பார்ட்மென்ட் லாண்டரி ரூமில் துணி காயக் காத்திருந்தபோது சிநேகமானவர்கள் நாம். அன்றிலிருந்து உன்னை அறிந்த எனக்கே அது புரியவில்லை. “தூத்துக்குடில எங்கப்பாவோட லாரி ஷெட்ல வளந்தவ நானு. சத்தமில்லாத வண்டி எனக்கு வண்டியாவே தெரியலட்டி” என்றாய். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பிறகு அந்த பிப்ரவரி வந்தது. ரோடெல்லாம் ஐஸ். ஆஸ்பத்திரியில் நீ பிசியோதெரபிஸ்ட். ஊர் முதுகையெல்லாம் நிமிர்த்துகிறவள். வேலைக்குப் போன இடத்திலேயே, பார்க்கிங்கில் வழுக்கி விழுந்து உன் முதுகெலும்பை உடைத்துக்கொண்டாய். ஆபரேஷன் செய்து கம்பியும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். நடக்கப் பழகி, வேலைக்குத் திரும்பி, கடைசியாக ஒரு நாள் உன் காரில் ஏறி உட்கார்ந்தாய். முன்பக்கம் ஒரே நீள சோபா போன்ற சீட். முதுகுச் சாய்வு தோள்பட்டைக்குக் கீழேயே முடிந்துவிடும். தலைக்கு எதுவும் கிடையாது. பெல்ட் வயிற்றோடு சரி. தெருமுனை வரை போய்த் திரும்பினாய். இறங்கிக் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் மேலுதடு முழுக்க வியர்வை.

உன் கணவர் சேவியர் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். “வித்துரலாம்மா. உன் முதுகவிட இந்தக் கார் பெருசா?” என்றார்.

“முதுகும் வேணும், காரும் வேணும். சீட்டுதான் வேண்டாம்” என்றாய் நீ.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நீ சிரிக்கவில்லை. உன்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு நீ சொல்வதை அன்று உனக்கே சொல்லிக்கொண்டாய்: “வலியப் பொறுத்துக்கிறதுல ஒரு பெருமையும் கிடையாது. உக்கார்ற எடத்த மாத்து.”

சனிக்கிழமைகளில் பழைய கார்க்காரர்கள் கூடும் ஷாப்பிங் சென்டருக்கு என்னையும் இழுத்துப் போனாய். புது சீட் போடப் போகிறேன் என்று நீ சொன்னதும் ஒரு தொப்பிக்காரர் பதறிப்போனார். இவ்வளவு அழகான காரைக் கெடுக்காதே, இதன் மதிப்பே எல்லாம் ஒரிஜினலாக இருப்பதில்தான் என்றார். நீ அவருக்கு மரியாதையாகவே ஆங்கிலத்தில் பதில் சொன்னாய்: “கார் ஒரிஜினல்தான் சார். நான்தான் இப்போ ஒரிஜினல் இல்லை.” அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எந்தப் பழைய கார் யார்டில் நல்ல சீட் கிடைக்கும் என்றும் அவரே சொல்லி அனுப்பினார்.

அந்த யார்டுகளை மறக்க முடியுமா? நசுங்கிய கார்களுக்குள் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து பார்த்தாய். சேலைக் கடையில்கூட நீ இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கடைசியில் ஆலங்கட்டி மழையில் கூரையெல்லாம் குழிந்துபோன ஒரு கார் அகப்பட்டது. உள்ளே சீட் இரண்டும் புதுசு போல இருந்தன. இடுப்புக்குப் பின்னால் பட்டனை அழுத்தினால் மெத்தை முன்னால் வந்து தாங்கியது. நீ கண்ணைத் திறக்காமலே “இதுதாண்ட்டி” என்றாய்.

வாங்கியது சுலபம். பொருத்துவதுதான் பாடாய்ப் படுத்தியது. பழைய நீள சீட்டைக் கழற்றி மச்சில் போட்டோம். புது சீட்டின் துளைகளுக்கும் காரின் தரைக்கும் சம்பந்தமே இல்லை. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நடுவில் கியர்பாக்ஸுக்காக மேடு. இரும்புப் பட்டைகளை வெட்டித் தாங்கிகள் செய்து முதல் தடவை வைத்தபோது சீட் உயரமாகிவிட்டது. உட்கார்ந்ததும் உன் தலை கூரையில் இடித்தது. “கொண்ட போட முடியாது போலயே” என்றாய். எல்லாவற்றையும் கழற்றி, தரையில் பழைய சீட் நின்ற மேடையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். வேலை எல்லாம் உன்னுடையது. டார்ச் பிடிப்பது என்னுடையது. துளை போடும் முன் ஒவ்வொரு தடவையும் என்னைக் காருக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னாய், அந்த இடத்தில் பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ போகிறதா என்று. போல்ட் பிய்த்துக்கொண்டு வராமலிருக்கத் தரைக்கு அடியில் கனமான தகடு வைத்தாய். தோளுக்குக் குறுக்கே வரும் பெல்ட்டும் போட்டாய்.

டிரைவர் சீட் தயாரானதும் உன்னால் பொறுக்க முடியவில்லை. இன்னொரு சீட்டைப் பெட்ஷீட் போட்டு மூடி கராஜ் மூலையில் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாய். பக்கத்தில் வெறும் தரை. அதில் அரிசி மூட்டையும் தேங்காயும் பிரயாணம் செய்தன. “இன்னொரு சீட் எப்போ?” என்று கேட்டால் “உனக்கென்ன அவசரம்? பின்னால ஒக்காந்து வா, மகாராணி மாதிரி” என்பாய்.

அடுத்த இலையுதிர் காலத்தில் உனக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். மருத்துவம் படித்தவர்களோடு வேலை பார்த்தவள் நீ; அவர்கள் முகத்தைப் பார்த்தே உனக்குப் புரிந்துவிட்டது. மாத்திரைகளின் மயக்கத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். அதைவிடக் கொடுமை, படுக்க முடியவில்லை. கட்டிலில் முடியவில்லை, சோபாவில் முடியவில்லை, வாடகைக்கு வந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் முடியவில்லை. “தூக்கம்னா எப்படி இருக்கும்னே மறந்துட்டுட்டி” என்றாய்.

அப்புறம் ஒரு நாள் சொன்னாய்: “அந்த ரெண்டாவது சீட்டப் போடு.”

“மெக்கானிக் யாருகிட்டயாவது குடுத்துடலாமா? சீக்கிரம் முடியும்ல?”

“அவன் அடுத்த மாசம் அப்பாயின்ட்மென்ட் குடுப்பான். எனக்கு அவ்வளவு டைம் இல்ல. நீ போடு.”

கராஜில் ஒரு மடக்கு நாற்காலியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு நீ உட்கார்ந்தாய். டார்ச் மட்டுமே பிடித்த என் கையில் டிரில் வந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினேன். அந்தப் பக்கத்துத் தரை துருப்பிடித்து, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. “இதுல எப்படிடி சீட் நிக்கும்?”

“துருவப் பாத்து அழுதா துரு போயிருமா? நல்ல இரும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தேடு” என்றாய்.

தேடினேன். துருவைத் தேய்த்து எடுத்து, கெட்டுப்போன பகுதியை வெட்டினேன். பக்கத்து வெல்டிங் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டி வந்து புதுத் தகடு வைக்கச் செய்தேன். உள்ளங்கை கிழிந்தது, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பவும் காருக்கு அடியில் போனேன். சேவியர் அண்ணன் டீயோடு வந்து நின்று, “தங்கச்சி, இதெல்லாம் இப்போ தேவையா?” என்றார். நான் பதில் சொல்லும் முன்னால் நீ அவரிடம் ஸ்பேனரை நீட்டினாய். “உள்ள ஏறி அந்த போல்ட்ட அசையாமப் பிடிங்க. அவ கீழேருந்து முறுக்கட்டும்.” அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். அன்று மூன்று பேரும் சேர்ந்துதான் அதை முடித்தோம். கடைசி போல்ட் இறுகியதும் நீ நாற்காலியிலிருந்தபடியே, “ஆட்டிப் பாரு. நல்லா, உன் கோவத்தயெல்லாம் வச்சு ஆட்டு” என்றாய். முழு பலத்தோடு ஆட்டினேன். கார் ஆடியது. சீட் ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்த சேவியர் அண்ணன் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் உட்கார வைத்தார். சும்மா ஒரு ரவுண்டு, போகிற வழியில் பால் வாங்கி வருகிறோம் என்று அவரிடம் சொன்னோம். நீ பட்டனை அழுத்தி அழுத்தி, கொஞ்சம் சாய்த்து, இடுப்பு மெத்தையை ஏற்றி, கால்களை நீட்டிக்கொண்டாய். எஞ்சின் முழங்கியது. செவன்டி ஃபைவ் ஃப்ரீவேயில் வடக்கே ஏறினேன். ஆலன் ஊர் வந்தபோது ஏதோ கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

மெக்கின்னியில் திரும்பியிருக்க வேண்டும். எக்சிட் வந்தது. பிரேக் போட்டு, சிக்னலில் நின்று, வளைந்து திரும்பினால் நீ விழித்துக்கொள்வாய் என்று பயந்தேன். நேராகப் போனேன். அடுத்த எக்சிட்டும் போயிற்று. வீடுகள் குறைந்து புல்வெளிகள் வந்தன. ஷெர்மன் வந்தது, டெனிசன் வந்தது. மேடு பள்ளம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், நீ அசையவில்லை. ரெட் ரிவர் பாலத்தில் செம்மண் கரைத்த தண்ணீரைத் தாண்டினோம். பெட்ரோல் முள் சரிந்துகொண்டே போனதால்தான் அந்தக் கரையில் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். எஞ்சின் நின்றதும் அந்த அமைதியில் நீ கண் விழித்தாய்.

“எங்கட்டி இருக்கோம்?”

“ஓக்லஹோமா.”

நீ சிரிக்க ஆரம்பித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய். “பால் வாங்க வந்தவ ஸ்டேட்டையே தாண்டிட்டியே, பைத்தியக்காரி!” பிறகு மெதுவாக, “நல்லாத் தூங்கினேண்ட்டி. திரும்பிப் போகையிலயும் தூங்குவேன். எழுப்பாத” என்றாய். தூங்கினாய். அப்புறம் உனக்கு உடம்பு தாங்கிய நாட்களிலெல்லாம் போனோம். எல்லா நாளும் தூக்கம் வரவில்லை. சில நாள் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டபடி வந்தாய். வசந்தம் தொடங்கும்போது நீ போய்விட்டாய்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து சேவியர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஒருவர் காரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். மச்சில் இருக்கும் பழைய சீட்டைப் போட்டு, துளைகளை அடைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறாராம். “உனக்குத்தான் கழட்டத் தெரியும். கொஞ்சம் செஞ்சு குடுத்திரு தங்கச்சி” என்றார்.

“முடியாதுண்ணா” என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. “கார் உங்களோடது. வித்துக்கோங்க. ஆனா அந்த சீட்ட நான் கழட்ட மாட்டேன். வேற யாரையாவது கூப்பிட்டுக்கோங்க.”

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். ஆனால் அவர் காரின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: “அன்னைக்கு அவ உண்மையிலேயே தூங்கினாளா? இல்ல, எனக்கு மனசு ஆறட்டும்னு ரெண்டு பேரும் சொன்னீங்களா?”

“தூங்கினா அண்ணா. ஆலன்லேருந்து ரெட் ரிவர் தாண்டுற வரைக்கும். லேசா குறட்டைகூட விட்டா.”

குறட்டை என்றதும் அவர் சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். “நீ ஓட்டு. அது நின்னா எனக்குத் தாங்காது.”

அதனால்தான் ஓட்டுகிறேன். சான் ஹோசேயிலிருந்து உன் மகள் போன வாரம் பேசினாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு அப்பாவிடம் வருகிறாளாம். கொஞ்சம் தயங்கி, “ஆன்ட்டி, கேன் த பேபி ரைட் இன் அம்மாஸ் கார்? சேஃப் இல்லன்னா வேண்டாம்” என்றாள். பின் சீட்டில் இருப்பது நைந்துபோன இடுப்பு பெல்ட்டுகள். குழந்தை சீட்டை மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. “இட் வில் பி சேஃப்” என்றேன். சொல்லிவிட்டுத்தான் எப்படி என்று யோசித்தேன்.

நீ இருந்தவரை நான் எதையும் யோசித்து முடித்த பிறகுதான் சரி என்பேன். இப்போது முதலில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு வழி தேடுகிறேன். ஆபீஸிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கழற்றி வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

இன்று பின் சீட்டைத் தூக்கிவிட்டேன். கீழே நல்ல இரும்பு. தகடு வெட்டக் கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் விஷயம் தெரிந்த கடை ஒன்றில் ஒவ்வொரு போல்ட்டையும் காட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் குழந்தையை ஏற்றுவேன். உன் பேரப்பிள்ளைக்கு அந்தச் சத்தம் பிடிக்குமோ, வீறிட்டு அழுமோ, எனக்குத் தெரியாது. அது உட்காரப் போகும் இடம் உறுதியாக இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.