சாயத்தின்மேல் போட்ட பழி

இன்று காலை இரத்தத் தகட்டுக்கு ஊற்றும் சாயப் போத்தலைத் திறந்தேன். மெதனோல் நெடி மூக்கில் ஏறியதும் உன் விரல் நுனியில் நின்ற இரத்தப் பொட்டு நினைவுக்கு வந்தது.

நாமிருவரும் ஆய்வுகூடப் பயிற்சியில் இருந்தோம். யுத்தத்தால் மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து, அதன் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பித்தான் பார்ப்போம். புதுச் சாயம் வராததால் பழையதையே வடித்து வடித்துப் பாவித்தோம். பழகுவதற்கு நம் விரல்களையே குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசினோம். உன் தகட்டில், சாயத்தில் ஊதாவாகும் வெண்குழியங்கள் மொய்த்துக் கிடந்தன; பாதி முற்றாதவை என்று இப்போது தெரிகிறது.

"என்னடாப்பா, முழுக்க ஊதாவாக் கிடக்கு?" என்றாய்.

"சாயம் பழுது மச்சான். கழுவி வை, தகடும் தட்டுப்பாடு."

நீயே கழுவினாய்.

ஆறு கிழமைக்குப் பிறகு உன் வயிறு புடைத்தபோதுதான் இன்னொரு தகடு செய்தோம். இரத்தப் புற்றுநோய். அதற்குள் கொழும்புக்குப் போகும் பாதையை மூடிவிட்டார்கள். மருந்தையும் வானொலிக்குப் போடும் பற்றறியையும் ஒரே யுத்தத் தடைப் பட்டியலில் எழுதித் தடுத்தவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் பாதை திறந்திருந்த ஆறு கிழமையைத் தின்றவன் நான்.

சண்டிலிப்பாயில் உன் வீட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தேன். அன்று எப்படியோ மண்ணெண்ணெய் கிடைத்து, உன் ஐயா புகையிலைக்கு மெசினால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். உன் மடியில் பழைய பாடப்புத்தகம். அதைக் காட்டிச் சொன்னாய்:

"இஞ்சை பார். புற்றை வளர்க்கிற ஜீன் வெளியிலை இருந்து வாறேல்லையாம். எல்லாருக்குள்ளையும் கிடக்கு. கலத்தை வளரச் சொல்லுறதுதான் அதின்ரை வேலை. அது முறிஞ்சு வேறை இடத்திலை ஒட்டுப்பட்டா நிப்பாட்டத் தெரியாது. ஐயாவின்ரை மெசின் நிக்காமல் ஓடினா என்ன நடக்கும்? புகையிலைக் கண்டெல்லாம் அழுகிப்போம். அதுதான் எனக்குள்ளை நடக்குது."

"நான் அண்டைக்கே இன்னொருக்காப் பாத்திருக்கோணும்."

"சாயமும் பழுதுதான்டா, நானும் பழுதுதான். உனக்கு ரெண்டிலை ஒண்டுதான் தெரிஞ்சது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் செத்தவீட்டில் செய்வினை என்று குசுகுசுத்தார்கள். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நீ சொன்னதைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க எழுந்தேன். பிறகு இருந்துவிட்டேன். அவர்கள் பழியைச் செய்வினைமேல் போட்டார்கள். நான் சாயத்தின்மேல் போட்டவன்.

இன்றைய முதல் நோயாளியின் தகடும் ஊதாவாகத்தான் இருந்தது. சாயம் பழுதாகவும் இருக்கலாம். நான் அதைக் கழுவவில்லை. வெளி வாங்கில் குந்தியிருந்த அந்தக் குருநகர்க்காரரைக் கூப்பிட்டு, மறுபடி விரலைக் குத்தினேன்.

"ஏன் தம்பி, ஏதும் பிழையோ?"

"தெரியாது ஐயா. இன்னொருக்காப் பாக்கோணும்."

அன்று உன்னிடம் சொல்லாமல் விட்டதை இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.