உள்துணி கிழிந்த அன்றைக்கு

அன்பு மகன் முக்காலுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. உன் நலத்தைத்தான் உன் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து பதினோரு வாரம் ஆகிறது, நீ அவளுக்குத் தினமும் போன் பண்ணுகிறாய், அம்மா சாப்பிட்டாளா, நடந்தாளா, இருமல் குறைந்ததா என்று அத்தனையும் விசாரிக்கிறாய், அம்மாகிட்ட குடுக்கட்டுமா என்று அவள் கேட்டால் மட்டும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. என் குரலும் இன்னும் கரகரவென்றுதான் வருகிறது, நெஞ்சுக்குள் வேலை செய்யும்போது குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டிருக்குமாம், போகப் போகச் சரியாகுமாம். அதனால் எழுதுகிறேன். இதையும் மீட்டிங் என்று மடித்து வைத்துவிடாதே.

சுற்றி வளைக்கப் போவதில்லை. நீ சொன்னதை நான் கேட்டேன். அம்மா காதில் விழவில்லை என்று உன் தங்கை உன்னிடம் சொல்லியிருப்பாள், பொய். உன் அப்பாவுக்குக் காது மந்தமான நாளிலிருந்து இந்த வீட்டில் போன் என்றாலே ஸ்பீக்கர்தான், அவர் போய் நாலு வருஷமாகியும் எங்கள் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவசரப் பிரிவில் நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், அவள் அழுதுகொண்டே உன்னைக் கூப்பிட்டாள், விரல் தானாக ஸ்பீக்கரைத் தட்டிவிட்டது. எண்பத்திரண்டு வயசுல நெஞ்சைப் பொளந்து சித்திரவதை பண்ண வேண்டாம், நிம்மதியா போகட்டும் விடு என்று நீ சொன்னாய். தலைமாட்டில் நின்ற நர்ஸும் கேட்டாள், பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்தவரும் கேட்டார். முதுகு வலியைவிட எனக்கு அது வலித்தது.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும், மாடிவீட்டு டீச்சருடைய கோட்டுக்கு உள்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், துணியை இரண்டு கையாலும் பிடித்து டர்ரென்று கிழிக்கிற மாதிரி ஒரு வலி, மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்த பிறகு சர்ஜன் வந்து உன் தங்கையிடம் விளக்கினார். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயில் உள்பக்கத் தோல் கிழிந்துவிட்டது, ரத்தம் இரண்டு அடுக்குக்கும் நடுவில் புகுந்து பிரித்துக்கொண்டே போகிறது, வெளித்தோலும் விட்டால் அவ்வளவுதான் என்றார். அவள் பேந்தப் பேந்த விழித்தாள். ஐம்பத்தாறு வருஷமாக உள்துணி தைக்கிற எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. அப்புறம்தான் அவள் உனக்குப் போன் போட்டது. சர்ஜன் திரும்பி வந்து என்னம்மா முடிவு பண்ணீங்க என்று அவளிடம் கேட்கிறார். கிழிந்தது என் குழாய், படுத்திருப்பது நான், என்னிடம் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கண்ணைத் திறந்தேன். தம்பி, லைனிங் விட்டுப்போச்சு, என்ன துணி வெச்சு மாத்துவீங்க என்று கேட்டேன். மனிதர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். பாலியஸ்டர்ல நெய்த குழாய்மா என்றார். சுருங்காது, நல்ல சரக்குதான், தையல் நிக்குமா என்று கேட்டேன். அதுதான் பயமே, வயசானா குழாய் நைஞ்சிருக்கும், உங்க வயசுல நாலு பேர்ல ஒருத்தர் பிழைக்கிறதில்ல, பக்கவாதமும் வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். பண்ணலைன்னா என்றேன். ரெண்டு நாள் தாங்கினா பெரிசு என்றார். அப்புறம் என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது, பேனாவை வாங்கி நானே கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறின மாதிரிதான் இருந்தது, ஆனாலும் என் கையெழுத்து.

நீ பயந்ததும் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள் குழாயும் மெஷினுமாகக் கிடந்தேன், அதற்குப் பிறகு நாலு நாள் புத்தி பேதலித்து, ஊசி போட வந்த நர்ஸிடம் வெள்ளிக்கிழமைக்கு முன்னால கோட்டு கிடைக்காது, சும்மா வந்து நச்சரிக்காதே என்று சண்டை போட்டிருக்கிறேன். இருமினால் நெஞ்செலும்பு இரண்டாகப் பிளக்கிற மாதிரி இருக்கும், ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு இருமச் சொன்னார்கள். ஏன்தான் கையெழுத்துப் போட்டேனோ என்று ஒரு நாள் மத்தியானம் பூராவும் அழுதேன். சாயங்காலம் எழுந்து கதவு வரைக்கும் நடந்தேன். இப்போது தெருக்கோடி மருந்துக்கடை வரைக்கும் நடக்கிறேன், பிரஷர் மாத்திரையை நானே வாங்கி வருகிறேன். அந்தக் கடைக்காரர் இந்த வயசுல இவ்வளவு பெரிய ஆபரேஷனா என்று உச்சுக் கொட்டினார், வயசு எனக்குத்தான், குழாய் புதுசு என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் கோட்டும் முடித்துக் கொடுத்தாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ள பாகத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள், கீழே போகிற குழாயில் கிழிசல் மிச்சம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், மறுபடியும் ஏதாவது ஆகலாம், ஆகாமலும் போகலாம். நான் வாய் திறக்க முடியாமல் கிடந்தால் எனக்காக யார் பேசுவது என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். உன் தங்கை தன் பெயர்தான் என்று பேனாவைத் திறந்தே விட்டாள். நான் உன் பெயரை எழுதினேன். அவளுக்குக் கோபம், வேண்டாம்னு சொன்னவனையா என்று கேட்டாள். ஆமாம், அவனைத்தான் என்றேன்.

நீ இரண்டாம் வகுப்புப் போகும்போது உனக்குத் தைத்த கால்சட்டை ஞாபகம் இருக்கிறதா. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் அவசரத்தில் அதன் வலது காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையோடு வெட்டிவிட்டேன். வேறு துணி இல்லை, வருஷம் பூராவும் அதையே போட்டுக்கொண்டு போனாய், வகுப்பு மொத்தமும் முக்கால் முக்கால் என்று கூப்பிட்டு அந்தப் பெயரே நிலைத்துப்போனது. ஒரு நாளாவது நீ என்னோடு பேசாமல் இருந்தாயா. அதற்குப் பிறகு இரண்டு காலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்காமல் நான் கத்தரிக்கோலை எடுத்ததில்லை. நீயும் இனி அப்படித்தான் பார்ப்பாய், எனக்குத் தெரியும். அதனால் கேட்டுக்கொள். சர்ஜன் தையல் நிற்கும் என்று சொன்னால் வெட்டச் சொல். நிற்காது என்று அவர் வாயால் சொன்னால் விட்டுவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் வயதை மட்டும் நீ சொல்லாதே, அது அவர்கள் காகிதத்திலேயே இருக்கிறது.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு எப்போதும் வேண்டியது. உனக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது, பிரஷரைப் பார்த்துக்கொள், இந்தக் குழாய்ச் சங்கதி குடும்பத்தில் வரலாம் என்கிறார்கள், ஒரு ஸ்கேன் எடுத்துவிடு. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், என் கையெழுத்துக்குக் கீழே உன் இடம் காலியாக இருக்கிறது. போட்டு அனுப்பிவிட்டு போன் பண்ணு, அவளுக்கு இல்லை, எனக்கு. ஸ்பீக்கரில் போட மாட்டேன், என்ன சொல்ல இருந்தாலும் இந்தத் தடவை என் காதிலேயே சொல்.

இப்படிக்கு,
இன்னும் எங்கேயும் போய்விடாத
உன் அம்மா